பேசப் பழகிய இருளப்பன்

“படி. இன்னும் ஒரு படி. இப்பத் தரை. ஈரமா கெடக்கு, ஊனி வையி. வலப்பக்கம் பைப்பு, அதப் புடிச்சுக்க. ஆமா. நா இங்கதான் நிக்கிறேன்.”

தேவாலா பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றில், தொழிலாளர் குடியிருப்பான கீழ் லயத்தின் கடைசி வீட்டிலிருந்து காலையில் இந்தக் குரல் கிளம்பிவிட்டால் மற்ற வீட்டுப் பெண்கள் பெரட்டில், காலை ஆள் கணக்கெடுப்பில், பெயர் கொடுக்க நேரமாகிவிட்டது என்று பரபரப்பார்கள். இருளப்பன் தன் மனைவி தெய்வம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் புறப்பட்டுவிட்டார் என்று அர்த்தம். லயங்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுவது அவர் வேலை. தொட்டி மேட்டில் இருக்கிறது. வாசலில் தொடங்கி வால்வைத் திருகும் வரைக்கும் அவர் வாய் மூடாது. குழி, கல், வேர், ஓடை, நாய், சேவல், எதிரே வருகிற ஆள், அந்த ஆள் கையில் இருக்கிற வாளி என்று ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே போவார். லயத்தில் அவருக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அந்தப் பெயரில் இருக்கிற கேலி புரிய வேண்டுமானால் பழைய இருளப்பனைத் தெரிந்திருக்க வேண்டும். நாலைந்து வருஷத்துக்கு முன்புவரை இதே மனிதர் ஊமைக்கோட்டான். தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டுகிற கூட்டத்தில் முன்கத்தி, முதல் ஆள், அவர்தான். ஆனால் அவரிடமிருந்து ஒரு வார்த்தையைப் பிடுங்குவது பலாமரத்தின் பிசினைக் கையிலிருந்து எடுப்பது போல. ஒரு தடவை கவாத்து மலையில் யானை வந்து நின்றது. முதலில் பார்த்தவர் இவர். வேறு யாராக இருந்தாலும் கத்தியைப் போட்டுவிட்டுக் கூச்சல் போட்டிருப்பார்கள். இவர் பக்கத்தில் நின்ற இசக்கிமுத்துவின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். என்னண்ணே, என்னண்ணே என்று அவன் கேட்டுக்கொண்டே வந்தான். தார் ரோட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு, “ஆனை” என்றார். அந்தக் கதையை இசக்கிமுத்து இன்றைக்கும் டீக்கடையில் சொல்லி ஆளைச் சிரிக்க வைப்பான்.

தெய்வம்மா நேர் எதிர். சிலோனிலிருந்து குழந்தையாகக் கப்பலேறி வந்தபோது அழாமல் வந்த ஒரே பிள்ளை தான்தான், பக்கத்தில் இருந்தவர்களிடம் பேசிக்கொண்டே வந்தேன் என்று அவளே பெருமையாகச் சொல்வாள். கொழுந்து மலையில் அவள் நிரையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்துகொண்டே இருக்கும். புருஷன் பேசாததைப் பற்றி யாராவது சீண்டினால், அவருக்கும் சேர்த்து ஆண்டவன் எனக்கே கொடுத்துவிட்டான் என்பாள். மகள் சுமலதாவின் கல்யாணப் பேச்சின்போது சம்பந்தி வீட்டார் இருளப்பனின் மௌனத்தைக் கோபம் என்று நினைத்துக்கொண்டு எழுந்துவிட, இவள்தான் ஓடிப்போய் வாசலில் மறித்து, அவர் சந்தோஷமாக இருந்தாலும் முகம் இப்படித்தான் இருக்கும் என்று விளக்கி உட்கார வைத்தாள். அவளைக் கூப்பிட அவருக்கு “இந்தா” என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக இருவருக்குமே நினைவில்லை.

வினை ஒரு களவுப் பழியில் ஆரம்பித்தது. கொழுந்து எடுக்கிற மலையில் ஆளுக்கொரு நிரை, ஒரு செடி வரிசை. அடுத்தவள் நிரையில் கை வைப்பது, அடுத்த வீட்டு உலையில் கைவிட்டு அரிசி அள்ளுவதற்குச் சமம். ஒரு நாள் மூக்கம்மா, தெய்வம்மா தன் நிரைக்குள் புகுந்து கொழுந்தை எடுத்துவிட்டதாகப் பிடித்துக்கொண்டாள். பொய்யில்லை. மூக்கம்மாவின் செடிகள் சில மொட்டையாக நின்றன. தெய்வம்மாவின் சொந்த நிரையிலோ ஒரு செடியின் பாதியில் கொழுந்து எடுத்திருந்தது, மறு பாதி அப்படியே தளதளவென்று நின்றது. சூப்பர்வைசர் காளிமுத்து அவள் சாக்கைக் கவிழ்த்துப் பார்த்தார். உள்ளே முற்றல் இலையும் காம்புமாக இருந்தது. இத்தனை வருஷம் எடுத்த கைக்கு இது அழகா என்று எல்லார் முன்னாலும் கேட்டார். தெய்வம்மா மாரியம்மன் மேல் சத்தியம் செய்தாள். நான் என் நிரையில்தான் நின்றேன், நிரைதான் இடம் மாறிவிட்டது என்றாள். அதைக் கேட்டு மலையே சிரித்தது.

அன்றைக்கு மாலை இருளப்பன் அடுப்படியில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தேநீரைக் கொண்டுவந்து பலகையில் வைத்தாள். வைத்தாள் என்றால், பலகைக்கு அரை முழம் இந்தப் பக்கம், வெறும் காற்றில் வைத்துவிட்டுக் கையை எடுத்தாள். டம்ளர் விழுந்து உருண்டது. அவள் திடுக்கிட்டுப் போய், பலகையை யார் நகர்த்தி வைத்தது என்று அவரைத் திட்ட ஆரம்பித்தாள். அவர் எழுந்து தரையைத் துடைத்தார். 

கண் கெட்டுவிட்டது என்று நினைத்தார். யாராக இருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்பார்கள். கண்ணாடி வாங்கினார்கள். அதைப் போட்டுக்கொண்டும் அவள் எதிரே இருக்கிற உப்பு டப்பாவைத் தேடினாள். இலவச முகாம் வேன் வந்தபோது ஏற்றிக்கொண்டு போய்ப் புரை எடுத்து லென்ஸ் வைத்து அனுப்பினார்கள். கூடலூர் சந்தையில் தகட்டில் அடித்த இரண்டு கண்களை வாங்கி, ஆடிக் கூழ் ஊற்றுகிற அன்றைக்கு மாரியம்மனுக்குக் கண்மலர் சாத்தினார் இருளப்பன். அதற்குப் பிறகும் அவள் வாசலில் கிடந்த கறுப்பு மிதியடியைக் கண்டு நின்றுவிடுவாள். கிணறு தோண்டிப் போட்டிருக்கிறார்களே, பிள்ளைகள் விழுந்துவிடாதா என்பாள். எவர்சில்வர் தட்டில் சோற்றைப் போட்டால் ஒரு பக்கத்தை மட்டும் தின்றுவிட்டு, இன்னும் பசிக்கிறது, சோறு இல்லையா என்று கேட்பாள். மறு பக்கத்துச் சோறு தட்டிலேயே இருக்கும்.

இதில் கொடுமை என்னவென்றால், முகாம்காரர்கள் எழுத்தட்டையை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் காட்டிக் கேட்டபோது அவள் தப்பில்லாமல் சொன்னாள். பார்வை பிரமாதமாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அது லயத்துக்குள் பரவியது. கண் நன்றாகத் தெரிகிறதாம், வேலைக்கு டிமிக்கி கொடுக்கத்தான் இந்த நாடகம் என்று குழாயடியில் பேசினார்கள். தெய்வம்மா காதிலேயே விழுந்தது. அதுவரை ஊருக்கெல்லாம் பதில் சொன்னவள் வீட்டுக்குள் வந்து, சாத்துவதற்குக் கதவைத் தேடினாள். கதவு இருக்கிற இடத்துக்குப் பக்கத்துச் சுவரைத் தள்ளிக்கொண்டு நின்றாள்.

திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிற சுமலதா வந்து பார்த்துவிட்டு, அழுதுகொண்டே இருவரையும் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போனாள். அங்கே பிரீத்தி என்ற இளம் டாக்டர், தன் விரலை நீட்டி அதைத் தொடச் சொன்னார். தெய்வம்மா விரலையே உற்றுப் பார்த்துக்கொண்டு, அதற்குப் பக்கத்தில் இருந்த காற்றைத் தொட்டாள். தலையைப் படம் எடுத்தார்கள். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் நிதானமாகச் சொன்னார். கண் பார்க்கிறது; பார்த்ததையெல்லாம் சேர்த்து இது இன்னது, இது இங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டிய மூளையின் பின்பகுதி சுருங்கிக்கொண்டு வருகிறது. அல்சைமர் என்று பெயர். பெரும்பாலும் மறதியில்தான் தொடங்கும், சிலருக்கு இப்படிப் பார்வையில் தொடங்கும், மறதி பின்னால் வரும் என்றார். குணமாகும் என்று அவர் சொல்லவில்லை. சுமலதா கேட்டும் சொல்லவில்லை.

இருளப்பன் அங்கேதான் தன் ஆயுளிலேயே நீளமான வாக்கியத்தைப் பேசினார். “எங் கண்ணு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு டாக்டரம்மா, இதுல ஒண்ண எடுத்து அவளுக்கு வச்சுட்டு, இருக்குற ஒண்ண வச்சு நா சமாளிச்சுக்குறேனே?”

 கண்ணைக் கொடுத்துப் பிரயோஜனம் இல்லை, குரலைக் கொடுங்கள் என்றார் டாக்டர். அவளுக்குக் கேட்கிறது, கேட்பது புரிகிறது. எங்கே என்ன இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தால் அவள் நடப்பாள், சாப்பிடுவாள், பயப்படாமல் இருப்பாள். நிறத் தட்டு வாங்குங்கள், மிதியடியை எடுத்துவிடுங்கள், எல்லாவற்றையும்விட, பேசிக்கொண்டே இருங்கள் என்றார். ஊரில் எத்தனையோ வாயாடிகள் இருக்க, கடவுள் இந்த மருந்தைக் கொண்டுவந்து இருளப்பன் கையில் கொடுத்தார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவர் மனது ஒன்றையே சுற்றிக்கொண்டிருந்தது. சந்தையில் தகட்டில் கண் விற்கிறார்கள், கை விற்கிறார்கள், கால் விற்கிறார்கள், தொட்டில்கூட விற்கிறார்கள். மூளையை எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. அம்மனிடம் தவறான இடத்தைச் சொல்லிவிட்டோமே.

பேச்சு அவருக்கு லேசில் வரவில்லை. முதல் நாள் வாசலில் நின்று “படி” என்ற ஒரு சொல்லை வெளியே கொண்டுவருவதற்குள் நெற்றி வியர்த்துவிட்டது. கவாத்து வேலையை விட்டுவிட்டு, லயத்துக்குப் பக்கத்திலேயே இருக்கலாம் என்பதற்காகத் தண்ணீர் வேலையைக் காளிமுத்துவிடம் கேட்டு வாங்கியிருந்தார். தொட்டிக்குள் தண்ணீர் கொட்டுகிற சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று தைரியம் வந்து, அங்கே தனியாக நின்று கண்ணில் பட்டதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிப் பழகினார். மரம். மரத்து மேலே காக்கா. காக்கா பறந்துருச்சு. புல் அறுக்க வந்த ஒருத்தி இதைக் கேட்டுவிட்டு, இருளப்பனுக்கும் கிறுக்குத் தலைக்கு ஏறிவிட்டது என்று லயம் முழுக்கச் சொன்னாள். மூக்கம்மா மட்டும் சிரிக்கவில்லை. விஷயம் தெரிந்த நாளிலிருந்து அவள் தெய்வம்மா வீட்டுக்கு அடுப்பு விறகு கொண்டுவந்து போட ஆரம்பித்திருந்தாள்.

மடை திறந்தது போல என்பார்களே, அது பிறகு நடந்தது. வழியையும் படியையும் சொல்லி முடித்த பிறகும் பேச்சு மிச்சம் இருந்தது. தெய்வம்மாவை முதன்முதலில் பார்த்தது இதே குழாயடியில், முறை மாறிக் குடம் வைத்த ஒருத்தியோடு அவள் சண்டை பிடித்துக்கொண்டிருந்தபோது என்று சொன்னார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டதாகச் சொன்னார். அவள் வைக்கிற கருவாட்டுக் குழம்பைப் போல அவருடைய அம்மா ஒரு நாளும் வைத்ததில்லை என்றும், அம்மா இருந்தவரை அதைச் சொல்லப் பயந்ததாகவும் சொன்னார். தெய்வம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். இத்தனையையும் வைத்துக்கொண்டா இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டாள். அந்த நாட்கள் நல்ல நாட்கள். நோய் இருந்தும் நல்ல நாட்கள் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான்.

வெயில் அவருக்கு எதிரியாகிவிட்டது. தொட்டிக்குப் போகிற பாதையில் சில்வர் ஓக் மரங்களின் நிழல் குறுக்கே விழும். தெய்வம்மாவுக்கு ஒவ்வொரு நிழலும் ஒரு பள்ளம். காலைத் தூக்கித் தூக்கித் தாண்டுவாள். நிழல்தான் புள்ள, தரைதான், மிதி என்று அவர் தன் காலை வைத்துக் காட்டுவார். அவர் கால் பள்ளத்துக்குள் போனதாக நினைத்து அவள் அவரைப் பிடித்து இழுப்பாள். பனிமூட்டம் இறங்கினால் இந்தத் தொல்லை இல்லை. நிழல் இல்லை, கண்ணைக் குழப்புகிற ஆயிரம் இலை இல்லை, எல்லாம் வெள்ளை. ஊரே பாதை தெரியாமல் தடுமாறும்போது தெய்வம்மா அவர் குரலைப் பிடித்துக்கொண்டு சரசரவென்று நடப்பாள். டிரைவர்கள் மூட்டத்தைத் திட்டுகிற காலைகளில் இருளப்பன் முகம் தெளிவாக இருக்கும்.

அவர் முகம் அவளுக்குத் தெரியாமல் போனது அதற்குப் பிறகு. பார்ப்பாள். மூக்கு தெரியும், மீசை தெரியும், நெற்றியில் கவாத்துக் கத்தி கிழித்த தழும்பு தெரியும். எல்லாம் சேர்ந்து ஓர் ஆளாக ஆகாது. அவர் பேசாமல் உள்ளே வந்தால் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரோரம் ஒதுங்குவாள். “நாந்தான்” என்று அவர் சொன்னதும் இறுக்கமெல்லாம் விட்டுப் போகும். நீங்களா, சொல்லக் கூடாதா என்பாள். அந்த ஒரு நொடிக்காகவே இருளப்பன் அடிக்கடி வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தார் என்று மூக்கம்மா சொல்வாள். உண்மையாகத்தான் இருக்க வேண்டும்.

மறதியும் சொன்னபடி வந்து சேர்ந்தது. சுமலதா பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டாளா என்று கேட்பாள். செத்துப்போன தன் அம்மாவுக்கு ஒரு பங்கு சோறு எடுத்து வைக்கச் சொல்வாள். சுமலதா போனில் அப்பாவோடு மல்லுக்கு நின்றாள். உங்களுக்கும் வயதாகிறது, அம்மாவைத் திருப்பூருக்கு அனுப்புங்கள், இல்லையென்றால் இந்த மாதிரி ஆட்களைப் பார்த்துக்கொள்கிற இடம் கோயம்புத்தூரில் இருக்கிறது, அங்கே விடலாம் என்றாள். இருளப்பன் மறுத்துவிட்டார்.

“அவளுக்கு எங் கொரல் தெரியுது பாப்பா. தெரியுற மட்டும் அவ இங்கதான் இருப்பா. அது தெரியாமப் போனா நீ சொல்றதக் கேக்குறேன்.”

அதற்கப்புறம் அவர் பேச்சு இன்னும் கூடியது. தொண்டை கட்டினால் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்துவிட்டுப் பேசினார். காய்ச்சல் வந்தபோதும் படுத்தபடியே பேசினார். கயிற்றின் ஒரு முனை அவள் கையில் இருக்கிறது, மறு முனையை விட்டுவிடக் கூடாது என்கிற பயம் அவருக்கு.

போன ஐப்பசியில் ஒரு காலை. இரவெல்லாம் பெய்த மழை விட்டு, பளிச்சென்று வெயில் அடித்தது. தண்ணீரைத் திறந்துவிட்டுவிட்டு இருவரும் தொட்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். கீழே குழாயடியில் பெண்கள் குடங்களோடு நின்றார்கள். பாதி வழியில், கல்படியில், தெய்வம்மா நின்றாள். அவர் பிடியிலிருந்து தன் கையை உருவிக்கொண்டாள்.

படிதான், பயப்படாதே, வலப்பக்கம் கம்பி இருக்கிறது என்று இருளப்பன் வழக்கம் போலச் சொன்னார். அவள் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். கோபம் இல்லை. அடுத்த வீட்டு ஆம்பிளையிடம் பேசுகிற மரியாதையோடு கேட்டாள்.

“ஏங்க, நீங்க யாருங்க? பொழுதன்னைக்கும் எங் கையப் புடிச்சுக்கிட்டுப் பேசிக்கிட்டே வர்றீங்க.”

“நாந்தான் புள்ள. இருளப்பன்.”

அவள் இல்லை என்று தலையாட்டினாள். “எங்க வீட்டுக்காரரு இப்பிடிப் பேச மாட்டாருங்க. அவரு வாயே தொறக்க மாட்டாரு. நல்ல மனுசன். கவாத்துக்குப் போயிருக்காரு, வந்துருவாரு. நா இங்கனயே நிக்கிறேன், நீங்க போங்க.”

குழாயடியில் குடம் நிரம்பி வழிந்தது. யாரும் அதை எடுக்கவில்லை. இருளப்பன் இன்னொரு முறை வாயைத் திறந்தார். கருவாட்டுக் குழம்பைச் சொல்வதா, குழாயடிச் சண்டையைச் சொல்வதா, எதைச் சொன்னால் அவளுக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியவில்லை. தெய்வு என்று கூப்பிட்டார். அந்தப் பெயரை அந்தக் குரலில் அவள் எந்தக் காலத்திலும் கேட்டதில்லை. மிரண்டுபோய்ப் பின்னால் நகர்ந்தாள். குதிகால் கல்லின் விளிம்பைத் தாண்டிவிட்டது. கம்பி பக்கத்திலேயே இருந்தது. அவள் கை அதற்கு இந்தப் பக்கம் காற்றைத் துழாவியது.

பேசினால் அவர் யாரோ. பேசாவிட்டால் அவளுக்குப் படி கிடையாது. அவள் காத்துக்கொண்டிருக்கிற அந்தப் பேசாத மனிதரை இருளப்பனுக்கு நன்றாகத் தெரியும். இவளுக்காகத்தான் தனக்குள் இருந்த அந்த மனிதரை அவர் அனுப்பி வைத்திருந்தார்.

அவர் வாயை மூடிக்கொண்டார். சுற்றிக்கொண்டு அவளுக்கு இரண்டு படி கீழே இறங்கி, ஈரக்கல்லில் முழங்காலை ஊன்றி உட்கார்ந்தார். லயத்துப் பெண்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, மனைவியின் காலை இரண்டு கைகளாலும் பிடித்து எடுத்து, அடுத்த படியில் வைத்தார்.